ஆயில் பம்பின் முகத்தில் இரண்டு புள்ளி

லாரி எஞ்சினைப் பிரித்துக் கட்டக் கொடுப்பவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எஞ்சினோடு ஒரு கயிற்றுக் கட்டிலையும் கொண்டுவந்து இறக்குவார்கள். எஞ்சின் எனக்கு, கட்டில் அவர்களுக்கு. வேலை முடிகிறவரை ஷெட்டிலேயே உட்கார்ந்து காவல் காப்பார்கள். நல்ல சாமானை எடுத்து வைத்துக்கொண்டு பழையதை மாட்டிவிடுவான் மெக்கானிக் என்பது லாரிக்காரர்கள் மத்தியில் ஊறிப்போன நம்பிக்கை. அப்படி மாற்றியவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எவனோ ஒருவன் கை நீளம் என்பதற்காக என் கையையும் பார்த்துக்கொண்டே ஒருவர் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது எழுதும்போதும் வருகிறது.

அறுபதுகளின் கடைசி அது. பெங்களூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு, யாரிடமும் கைகட்டி நிற்க முடியாத என் குணத்தால் சண்டை போட்டு வெளியே வந்து, ஓசூரில் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தேன். ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான். எனக்கு விளம்பரம், போர்டு எதுவும் கிடையாது. மைசூர் எல்லைக்கு, அதாவது இன்றைய கர்நாடக எல்லைக்கு, இந்தப் பக்கம் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். டிரைவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள். எந்த ஷெட்டில் எவன் எப்படி என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அங்கே ஒருவன், “அந்த மேஸ்திரி சாமான் மாத்தறவன்” என்று சொல்லிவிட்டால் போதும், மறுநாள் சேலம்வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு, சண்டை போட்டு வந்த அதே முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். என் பேர்தான் என் கடை.

அந்த லாரியின் சொந்தக்காரர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். நிலம், புளியந்தோப்பு எல்லாம் இருந்தது. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கமிருந்து புளியும் மூங்கிலும் ஏற்றி பெங்களூருக்கு அனுப்ப ஒரே ஒரு லாரி வைத்திருந்தார். அதை ஓட்டியது அவர் மனைவியின் அண்ணன். என்னைவிட மூத்தவர், அதிர்ந்து பேசாதவர். வீட்டில் தங்கை புருஷனை ‘மாப்பிள்ளை’ என்பவர், ஷெட்டில் மற்றவர்களைப் போல ‘ஓனர்’ என்றுதான் சொல்வார். சோறு போடுகிறவர் ஓனர் ஆயிற்றே.

ஓனருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. முன்பு வேறொரு ஊரில் ஒரு ஷெட்காரன் அவருடைய டைனமோவை மாற்றிவிட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைத் திருடனாக்கிக்கொண்டிருந்தார். புது சாமான் எல்லாவற்றையும் அவரே பெங்களூருக்குப் போய் வாங்கினார். அங்கிருந்து நேராக என்னிடம் கொண்டுவரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், சில நாள் வைத்திருந்து, பிறகு ஒரு சாக்கில் போட்டு எடுத்துவந்தார். வீட்டில் எதற்கு வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எஞ்சினை மரக்கட்டைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். கேட்கக் கேட்க ஒவ்வொரு சாமானாகச் சாக்கிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து என் கையில் கொடுப்பார். நான் அதை மாட்டி போல்ட் முறுக்கும்வரை அவர் கண் என் விரலைவிட்டு நகராது. பொழுது சாய்ந்தால் மாட்டாத சாமான்களைச் சாக்கோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிடுவார்.

எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டு உட்கார்ந்தது, அதைத் தாங்குகிற பேரிங் உட்கார்ந்தது. கையால் சுற்றினால் கிராங்க் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். தகராறு ஆயில் பம்பில்தான் ஆரம்பித்தது.

எஞ்சினுக்கு அடியில் சட்டி மாதிரி ஒன்று இருக்கும், சம்ப் என்போம். அதில் தேங்கி நிற்கும் எண்ணெயை உறிஞ்சி மேலே எல்லா இடத்துக்கும் அனுப்புவது இந்த பம்ப்தான். இது மக்கர் பண்ணினால் பேரிங் தீய்ந்து, எஞ்சின் நடுரோட்டில் இறுகிப் பிடித்து நின்றுவிடும். புது பம்பைக் கையில் வைத்துச் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. எஞ்சினின் உடம்பான பிளாக்கில் வைத்து இரண்டு போல்ட்டையும் முறுக்கினேன், ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. போல்ட்டைத் தளர்த்தினால் சுற்றுகிறது. முறுக்கினால் நிற்கிறது.

போல்ட்டை மாற்றிப் பார்த்தேன். உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்து மறுபடி வைத்தேன். நடுவில் ஒரு காகித பாக்கிங் கொடுத்தால் சுற்றியது. ஆனால் அந்த இடுக்கில் எண்ணெய் கசியும், பிரஷர் நிற்காது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு சூளகிரி ஏற்றத்தில் என் பேரையும் சேர்த்து உடைக்கும். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

பம்பின் தட்டையான முகத்தில், பிளாக்கோடு ஒட்டும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் சின்னதாக இரண்டு புள்ளி இருந்தது. கம்பெனிக்காரர்கள் பல்சக்கரத்தில் இப்படிப் புள்ளி வைப்பார்கள், புள்ளிக்குப் புள்ளி நேராக வைத்து மாட்டவேண்டும் என்பதற்காக. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, பிளாக்கில் ஜோடிப் புள்ளியைத் தேட ஆரம்பித்தேன். பழைய கிரீஸையெல்லாம் வழித்து, டார்ச் அடித்து, குப்புறப் படுத்து, மல்லாந்து படுத்து, காலையிலிருந்து மத்தியானம்வரை தேடினேன். ஓனர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மேஸ்திரி தேடற?” என்று ஒரு தடவை கேட்டார்.

“இந்தப் புள்ளிக்கு ஜோடி எங்கன்னு பாக்கறன், அண்ணா.”

“ஓகோ” என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

ஜோடி கிடைக்கவில்லை. எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பெங்களூர்க் கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டானோ என்று நினைத்தேன். இல்லை, இந்த மனிதரே தெரிந்து மட்டமான சாமானை வாங்கிவிட்டுப் பழியை என்மேல் போடப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். டிரைவர்மேலும் சந்தேகம் வந்தது. அவர் பம்ப் பக்கத்தில் வந்து நிற்பார், வாயைத் திறப்பார், ஓனர் இருமினால் நகர்ந்துவிடுவார். பம்பைக் கீழே போட்டு அடிபட வைத்துவிட்டு மறைக்கிறான் இந்த ஆள் என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த நாலைந்து நாளும் அந்தக் கொட்டகையில் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்த ஞாபகம் இல்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், ஓனர் அதிசயமாக எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாப்பிடப் போனார். சாக்கு மட்டும் அவர் தோளில் இருந்தது. பம்ப் என் கையில் இருந்ததால் அதை விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. டிரைவரைக் காவல் வைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் டிரைவர் டயர்மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

பக்கத்தில் மூச்சுவிட ஆளில்லை என்றதும் எனக்குப் புத்தி வேலை செய்தது. பிளாக்கில் பம்ப் உட்காரும் இடத்தில் நீல மையை மெல்லிசாகத் தடவினேன். பம்பை வைத்து அழுத்தி எடுத்தேன். சரியாக உட்கார்ந்தால் முகம் முழுக்க மை ஒட்டவேண்டும். ஒட்டியது அந்த இரண்டு புள்ளியைச் சுற்றி மட்டும்தான். விரலால் தடவினேன். குழியைச் சுற்றி இரும்பு எழும்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டின்மேல் பம்ப் ஒரு பக்கமாகத் தூக்கி நிற்க, போல்ட் முறுக்க முறுக்க அது கோணிக்கொண்டு உள்ளே பிடித்திருக்கிறது. கம்பெனிக்காரன் இவ்வளவு மட்டமாகவா குத்துவான் என்று திட்டிக்கொண்டே, கண்ணாடித் துண்டின்மேல் வால்வு தேய்க்கிற பேஸ்டைத் தடவி, பம்பைக் கவிழ்த்து மெல்லத் தேய்த்தேன். மறுபடி மை வைத்துப் பார்த்தேன். முகம் முழுக்க நீலம்.

மாட்டினேன். போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டு ஒரு விரலால் சுற்றினேன், சுற்றியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சம்ப்பையும் மூடி போல்ட் போட்டுவிட்டு, டீ வாங்கி, டிரைவரை எழுப்பி அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

ஓனர் வந்தார். சம்ப் மூடியிருப்பதைப் பார்த்தார். “இன்னா, உக்காந்துச்சா?”

“உக்காந்துச்சுண்ணா. சும்மா வெண்ணெ மாதிரி சுத்துது.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. சாக்கைக் கீழே வைத்தார். “இத்தன நாளு நானு குந்திகினு பாத்தன், உக்காரல. ஒரு வேள சோறு துன்னுட்டு வரங்காட்டி உக்காந்துடுச்சா?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த ஸ்பானரை எங்கே வீசுவது என்று தெரியவில்லை. வேலை முடியாதபோது எனக்கு வேலை தெரியவில்லை என்பதுபோலப் பார்த்தார். முடிந்தபோது திருடிவிட்டேன் என்கிறார்.

“எம் பம்ப மாத்திட்டு உன்னுத போட்டுட்ட. அதான் உக்காந்துச்சு. தொற சம்ப்ப.”

குரல் உயர்ந்ததும் எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பாதிப்பேர் எல்லையைத் தாண்டப் போகிற லாரிக்காரர்கள். ஓனருக்கு அது வசதியாகப் போயிற்று. தமிழில் சொன்னதையே தெலுங்கில் சொன்னார். ஓரத்தில் நின்ற இரண்டு பேர் கன்னடக்காரர்கள் என்று தெரிந்ததும் அவர்களுக்காகக் கன்னடத்திலும் ஒரு தடவை சொன்னார். மூன்று பாஷையிலும் நான் திருடன். சாயங்காலத்துக்குள் ஜூஜுவாடியில் என் கதை முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

சம்ப்பைத் திறந்தேன். பம்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்த முகத்தைத் தடவினார். அங்கும் இங்கும் தடவினார். அப்புறம் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“எம் புள்ளி இல்ல. பாத்துக்கோங்கப்பா. எம் புள்ளி இதுல இல்ல.”

“உங்க புள்ளியா?” என்றேன்.

“ஆமா. சென்டர் பஞ்ச் ஆணிய வெச்சு, சுத்தியால தட்டி எங்கையால நானே குத்துனன். மாத்துனா தெரியோணும்ல?”

காலையிலிருந்து மத்தியானம்வரை நான் குப்புற விழுந்து ஜோடி தேடியதும், அவர் ‘ஓகோ’ என்று வெற்றிலை துப்பியதும் ஒன்றாகச் சேர்ந்து என் தலைக்கேறின. என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுதமுடியாது. திட்டிவிட்டு, பம்பைப் பிடுங்கி பெட்ரோலில் கழுவி, ஒரு ஊசியால் அந்த இடத்தைக் குத்தினேன். குழிக்குள் இறுகியிருந்த பேஸ்ட் உதிர்ந்தது. மேடுதான் போயிருந்தது. இரண்டு புள்ளியும் அப்படியே இருந்தன.

“இதுதான உங்க புள்ளி?”

பார்த்தார். ஒரு நிமிஷம் தடுமாறினார். ஆனால் விடவில்லை. “எம் புள்ளிய இத்தன நாளா பாத்துகினு கீற. அதே மாதிரி உன் பம்புல குத்த எவ்ளோ நேரம் ஆவும்? மலைக்கோயிலுக்கு வா, கற்பூரம் ஏத்தறன், அணைச்சு சத்தியம் பண்ணு.” சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. “நீ வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். உனுக்குக் கற்பூரத்துமேல பயம் இருக்காது. அது செல்லாது.”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குள் வேறொரு பயம் புகுந்திருந்தது. சாமான் எல்லாவற்றையும் வீட்டில் வைத்திருந்தாரே.

“அண்ணா, சத்தியத்த அப்புறம் பாப்பம். வேற எதுல எல்லாம் குத்துனீங்க?”

அவர் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எங்க குத்துனீங்கன்னு தெரியாம இந்த எஞ்சின நான் ஓட வுடமாட்டன். பேரிங்ல குத்தியிருந்தா எஞ்சினே போயிடும். அதுக்கும் எம் பேருதான் கெடும்.”

“சொல்லிட்டா மாத்தறதுக்கு உனுக்கு வழி காட்டுன மாதிரி ஆவும். சொல்லமாட்டன்.”

கூட்டத்தில் ஒருவன், “சரி வுடு, வண்டி நிக்குது” என்று கிளம்பப் பார்த்தான். அவன் போகிற இடம் எனக்குத் தெரியும். போய்ச் சொல்லப்போவதும் தெரியும்.

அப்போது டிரைவர் டயரைவிட்டு எழுந்தார். ஓனரைப் பார்த்துத்தான் பேசினார். “மாப்ள, பேரிங்லயும் குத்துனீங்க. முதுகுல. நாந்தான புடிச்சிகினு இருந்தன்.”

ஷெட்டில் அவர் ‘மாப்ள’ என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். ஓனர் திரும்பி அவரை முறைத்தார். ஆனாலும் டிரைவர் நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“கம்பெனி நம்பரு போட்டிருக்கற எடத்துல, அந்த எழுத்தோட எழுத்தா. எல்லாத்துலயும் இருக்குது. தொறந்து பாருங்க மேஸ்திரி. இத வண்டியில வெச்சு நாந்தான ஓட்டோணும்.”

திறந்தேன். பேரிங் என்பது பாதி வளையல் மாதிரி மெல்லிய தகடு. முதுகில் குத்தினால் வயிற்றுப் பக்கம் புடைக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டத்துக்கு நேராகப் பிடித்தேன். முதுகில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி. உள்பக்கம் அதே இடத்தில், கிராங்க் உரசிப் பளபளத்த ஒரு புடைப்பு. இறுக்கம் புதுசால் வந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கே தெரியாத புள்ளிகள் அத்தனையும் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் எதையும் மாற்றவில்லை என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

கிளம்பப் பார்த்த அந்த லாரிக்காரன் ஒரு பேரிங்கை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான். “மேஸ்திரிமேல தப்பில்லப்பா. சாமானுக்குக் காவல் வெக்கறன்னு இவரே ஓட்ட போட்டு வெச்சிருக்காரு.” கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. இந்தக் கதையும் ஜூஜுவாடிக்குப் போகும். போகட்டும் என்று இருந்தது எனக்கு. என் பேர் பிழைத்துவிட்டது.

ஓனர் மன்னிப்பு கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. வெட்கப்படுவார் என்று மட்டும் நினைத்தேன். அதுவும் இல்லை. சாக்கைச் சுருட்டிக்கொண்டே டிரைவரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

“நானு சாப்பிடப் போனப்ப இவன் உனுக்கு டீ வாங்கிக் குடுத்தானா?”

டிரைவர் உட்கார்ந்திருந்த டயர் பக்கத்தில் அந்தக் காலி டம்ளர் இருந்தது.

“அப்ப ரெண்டு பேரும் கூட்டு. எங்க குத்தியிருக்கன்னு நீ முன்னாடியே இவனுக்குச் சொல்லிட்ட. சாவிய குடு.”

“அண்ணா, அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல” என்று கத்தினேன். “தூங்கிட்டிருந்தவர எழுப்பி நாந்தான் டீ குடுத்தன். வேல முடிஞ்ச சந்தோசத்துல குடுத்தன்.”

“பாத்தியா, எப்பிடி பரிஞ்சு வரான்” என்றார் ஓனர்.

நான் வாயைத் திறக்கத் திறக்க டிரைவர்மேல் சந்தேகம் ஏறிக்கொண்டே போயிற்று. அதனால் நிறுத்திக்கொண்டேன். டிரைவர் சாவியைக் கட்டிலின்மேல் வைத்தார். லாரி கேபினிலிருந்து ஒரு போர்வை, ஒரு சட்டை, ஒரு தூக்குப் போசி, அவ்வளவையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். தங்கை வீட்டில் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்களோ, எனக்குத் தெரியாது.

நான் பின்னாலேயே ஓடினேன். டீக்கடை தாண்டித்தான் பிடிக்க முடிந்தது. இத்தனை நாள் அவரையும் சந்தேகப்பட்டிருக்கிறேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

“டிரைவரண்ணா, எங்கிட்ட வாங்க. ஷெட்டுல வேல இருக்குது. வண்டி டிரையல் பாக்க எனக்கு ஆளு வேணும். நாளைக்கே வந்துடுங்க.”

நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. அவரைப்போல எஞ்சின் சத்தம் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார். அவர் நின்று, போர்வையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

“உங்ககிட்ட வேலைக்குச் சேந்தா, அவரு சொன்னது நெசம்னு ஆயிடும் மேஸ்திரி.”

தங்கை வீட்டுப் பக்கம் போகிற தேன்கனிக்கோட்டை பஸ் வந்தது. அதில் அவர் ஏறவில்லை. அது போகிறவரை நின்றுவிட்டு, பெங்களூர் போகிற பக்கமாக நடந்துபோனார்.